எனக்கு அம்மை வந்திருந்ததா?

“…அப்புறம் அவ கோவிச்சுக்கிட்டாள்னா, உங்க சேலத்து டாக்டரம்மா வந்து சமாதானம் பண்ணுவாங்களா? சொல்லு புள்ள, பண்ணுவாங்களா?”

வாசலில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்துக்குக் கீழே, இடுப்பில் கை வைத்து நின்றபடி இப்படிக் கேட்டவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். “அவ” என்று அவர் சொன்னது மாரியம்மனை. என் மகளுக்குச் சின்னம்மை போட்டிருந்தது. நான் ஒரு கைப்பையும் முகத்தில் மாஸ்க்குமாக, மொரப்பூருக்குப் பஸ் பிடித்து அங்கிருந்து சேலம் ரயிலுக்குப் போவதற்காக வாசல்படிக்கு வந்திருந்தேன். அண்ணி குறுக்கே நின்றார். அம்மையை நாங்கள் அம்மா என்றுதான் சொல்வோம்; அம்மா வந்திருக்கும் வீட்டிலிருந்து, அது இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கட்டுப்பாடு. ஆஸ்பத்திரிக்கு என்றால் இன்னும் மோசம். வந்தவளை மதிக்காமல் வைத்தியரைத் தேடிப் போவதாக ஆகிவிடும்.

வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பேசுவேன். பத்தாவதோடு படிப்பு நின்றாலும், எதையாவது படித்து, யாரிடமாவது கேட்டு, தெரிந்ததைத் தெரியாததோடு சேர்த்து விளக்கம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏன் என்று சொல்ல, என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு இருப்பது லூபஸ் என்கிற நோய். முதலில் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அப்புறம் மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவந்து படர்ந்தது. வெயிலில் போனால் எரியும். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: “உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியாயிருச்சுக்கா.” கொரோனா வந்துபோனதிலிருந்து எங்கள் ஊரில் எதிர்ப்பு சக்தி என்ற சொல் உப்பு, புளி மாதிரி எல்லார் வீட்டிலும் புழங்குகிறது. ஒருத்தி பப்பாளி இலைச் சாறு என்றாள். இன்னொருத்தி முருங்கைக்கீரை சூப் என்றாள். தலைவலி வந்தாலும் எதிர்ப்பு சக்தி, மாமியாரோடு சண்டை வந்தாலும் எதிர்ப்பு சக்தி.

சேலத்தில் மூட்டு நோய் பார்க்கிற ஒரு டாக்டரம்மாதான் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். “உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்லம்மா. அது ஆள் தெரியாம அடிக்குது. வெளியிலேர்ந்து வர்ற கிருமியை அடிக்க வேண்டியது, உங்க மூட்டையும் தோலையும் அன்னியம்னு நெனச்சு அடிக்குது. விட்டா கிட்னி வரைக்கும் போகும்.”

அன்று திரும்பி வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் ரயில் பொம்மிடி வருவதற்குள் இதை முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா ஒரு கூடைக் கொய்யாவை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க வூட்டு நாயும் அப்படித்தாங்க,” என்றார். “கரண்ட் பில்லு எடுக்க வர்றவனைப் பார்த்தா வாலாட்டும். எங்க மாமனாரைக் கண்டா வேட்டியைப் புடிச்சுக் கிழிக்கும். சோறு போடறதே அவருதான்.” நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதைவிட அது நன்றாக மனதில் பதிந்தது. “அந்த நாயை என்னங்க பண்ணீங்க?” என்று கேட்டேன். “என்ன பண்றது? கட்டித்தான் போட்டிருக்கு. கட்டிப் போட்டா அது திருடனையும் கடிக்காது. தெரிஞ்சதுதானே?”

தெரிந்ததுதான். என் வைத்தியமும் அதுதான். நான் தினமும் விழுங்குகிற மாத்திரைகள் அந்த நாயைக் கட்டிப் போடுகிற சங்கிலி. மூட்டு வலி குறைந்தது, கன்னத்தின் சிவப்பு மங்கியது, மறுபடியும் பட்டுப் பாவாடைக்குக் கரை வைத்துத் தைத்தேன். ஆனால் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு விஷயத்தை விரலை நீட்டிச் சொல்லித்தான் அனுப்புவார். இந்த ஸ்டீராய்டு மாத்திரையை யார் என்ன சொன்னாலும் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து கொடுத்துப் பழக்கிவிட்டதால், உடம்பு தன் பங்குக்குச் சுரக்க வேண்டியதை மறந்து கிடக்கும். சட்டென்று நிறுத்தினால் ஆள் சரிந்துவிடும். இன்னொன்று, அம்மை போட்ட வீட்டுப் பக்கமே போகக்கூடாது. மற்றவர்களுக்கு ஒரு வாரம் படுத்து எழுந்தால் போகிற சின்னம்மை, சங்கிலி போட்ட உடம்பில் நுரையீரல் வரை இறங்கலாம்.

அம்மை போட்ட வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அது என் வீட்டுக்கே வந்தது.

கடத்தூரில் பள்ளிக்கூடம் போகிற என் மகளுக்கு முதலில் காய்ச்சல். மறுநாள் காலையில் சடை பின்னி விடும்போது பிடரியில் ஒரு நீர்க்கொப்புளம். கொசுக்கடி என்று நினைக்க ஆசைப்பட்டேன். பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றில் சின்னச் சின்னப் பனித்துளி மாதிரி. என் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. அவள் திரும்பி, “என்னம்மா, பேன் இருக்கா?” என்றாள்.

பக்கத்து வீதியிலிருக்கும் அண்ணிக்குத்தான் முதலில் ஆள் அனுப்பினேன். அம்மை விஷயத்தில் எங்கள் பங்காளி வகையறா முழுக்க அண்ணி சொன்னதுதான் சட்டம். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் வேப்பங்கொத்தோடு வந்து, பிள்ளையைப் பார்த்து முதலில் ஒரு கும்பிடு போட்டார். “வா தாயி. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கே. அரைப்பரீச்சை முடிஞ்சுபோச்சு.” அதற்கப்புறம் வீடு அவர் கைக்குப் போனது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கடுகு தாளிக்கக்கூடாது, கறி கூடாது, பிள்ளைக்குத் தலை வாரக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட வெளியே இரவல் போகக்கூடாது. பாய் விரித்து வேப்பிலை பரப்பிப் பிள்ளையைக் கிடத்தினார்.

“நீ கிட்ட வராத,” என்றார் என்னிடம். அதில் எங்களுக்குள் வாதமே இல்லை. “உனக்கு ஏற்கெனவே ஒடம்பு சரியில்ல. எனக்கு ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போயிட்டா. பார்த்த ஆளையே அவ மறுக்கா வந்து பார்க்கமாட்டா.”

டாக்டரம்மா சொல்வதும் அதேதான். அவர் வேறு சொல்லில் சொல்வார், அவ்வளவுதான். உடம்புக்குள் இருக்கிற காவல், ஒரு கிருமியை முதல் தடவை பார்க்கும்போது தடுமாறும். அடையாளம் பிடிக்கவே நாளாகும். அதற்குள் கிருமி ஆட்டம் போட்டுவிடும். ஆனால் ஒருமுறை அடித்து விரட்டிவிட்டால், அதன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். சின்னம்மையின் முகத்தை அது பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அண்ணி ஐம்பது வயதிலும் அம்மைப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார முடிவது அந்த ஞாபகத்தின் தைரியத்தில்தான்.

நான் முன்பக்கம் தையல் மெஷின் இருக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்களுக்குச் சின்ன வயசுல சின்னம்மை வந்திருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

“வீட்ல பெரியவங்களைக் கேளுங்க. எப்படியிருந்தாலும் கிளம்பி வாங்க, நாள் கடத்தாதீங்க. ரத்தத்துல பார்த்தா பழைய ஞாபகம் இருக்கான்னு தெரிஞ்சுடும். இல்லைன்னா, உங்களுக்குக் கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிக்கணும். வந்ததுக்கு அப்புறம் ஓடி வராதீங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.”

என் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் என் சித்தியோடு பொம்மிடிப் பக்கம் இருக்கிறார். கேள்வியைக் கேட்டதும், “உனக்கா? உனக்கு வரலியே. உங்கக்காவுக்குத்தான் வந்துது. மாரியாயி பண்டிகைக்கு முன்னாடி. முத்து முத்தா, மாதுளம்பழம் மாதிரி,” என்றார்.

பின்னாலிருந்து சித்தியின் குரல்: “ஏங்க்கா, கண்ணு முன்னாடியே பொய் சொல்றே? வந்தது சின்னவளுக்கு. நான்தான மோரு ஊத்தினேன்.”

“நீ ஊத்தினது பெரியவளுக்கு. பெரியவதான் மோரு குடிப்பா. சின்னவளுக்கு மோருன்னாலே வாந்தி வரும்.”

“வாந்தி எடுத்தாளே! என் சேலை மேலதான எடுத்தா! பச்சைச் சேலை!”

“அது மஞ்சக்காமாலை வந்தப்ப.”

அக்காவையும் போனில் சேர்த்தேன். அக்கா ஓசூரில் இருக்கிறாள். “எனக்கு வரவேயில்லடி. என் மூஞ்சில ஒரு தழும்பு இருக்கா? உன் நெத்தியில பாரு, புருவத்துக்கு மேல ஒரு குழி இருக்குதில்ல? அது என்ன?” என்றாள். எனக்கு உயிர் வந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவு ஒரு பள்ளம். இத்தனை வருஷம் பவுடர் போடும்போது தட்டுப்பட்டது தவிர அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

“அது அம்மிக்கல்லுல வுழுந்தது,” என்றார் அம்மா.

“அம்மிக்கல்லுல வுழுந்தது மோவாக்கட்டையிலக்கா!” என்றார் சித்தி.

மூன்று பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை நான் மணிக்கணக்கில் ரசித்திருப்பேன். அன்றைக்கு என் நெற்றியின் குழியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தேன். என் உடம்புக்கு எல்லாம் தெரியும். வந்ததா வரவில்லையா என்பது ரத்தத்துக்குள் எங்கேயோ பதிந்து கிடக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. என்னைப் பெற்றவருக்குத் தெரியவில்லை. அந்த உடம்போடு முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தும் அதனிடம் இந்த ஒரு கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை.

பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் என் கணவர் போனில் சொன்னது இது: “அக்காவை எதுத்துப் பேசாத. ஆனா மாத்திரையை நிறுத்தாத. ஆனா நிறுத்தலைன்னு அக்காகிட்ட சொல்லாத. நான் நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடறன்.” அவர் அக்காவுக்குப் பயப்படுகிறவர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை டப்பாவைத் தேடினேன். வழக்கமாக வைக்கிற ஜன்னல் மாடத்தில் இல்லை. அலமாரியில் இல்லை. மெஷின் டிராயரில் நூல்கண்டுக்கு நடுவில் இல்லை.

“அண்ணி, என் மாத்திரை டப்பா?”

“எடுத்து வெளியில வெச்சுட்டன்,” என்றார், பிள்ளைக்கு வேப்பிலையால் வீசிக்கொண்டே. “அவ இருக்கற வூட்டுல இங்கிலீசு மாத்திரை இருக்கக்கூடாது. தண்ணி ஊத்தறவரைக்கும் நிறுத்தி வை. ஒரு வாரத்துல என்ன ஆயிரும்?”

“என்ன ஆயிருமா? ஆளே சரிஞ்சுருவேன் அண்ணி! அது என் வியாதிக்குப் போடற மாத்திரை, அம்மைக்கு இல்ல. அம்மைக்கு நான் மாத்திரையே குடுக்கலியே, மோருதானே குடுக்கறோம்?”

“எதுக்குப் போட்டா என்ன, வூட்டுக்குள்ள ஆவாது.”

“வூட்டுக்குள்ள ஆவாது. வூட்டுக்கு வெளியில?”

அண்ணி வீசுவதை நிறுத்தினார். இப்படி ஒரு கேள்வி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மோட்டுவளையைப் பார்த்தார். மனதுக்குள் எந்தக் கோடு வரை வீடு என்று அளந்து பார்த்திருப்பார். “மாட்டுக் கொட்டாய் வூட்டுக்கணக்குல வராது,” என்றார் கடைசியில். “அங்கதான் கூரையில செருகி வெச்சிருக்கறன். அங்கயே போட்டுக்க. போட்டுட்டு வாயைக் கொப்புளிச்சுட்டு உள்ள வா.”

அப்படித்தான் ஆயிற்று. வைக்கோல் வாசனையில், பசு என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே மாத்திரையை விழுங்கினேன். உள்ளே வரும்போது அண்ணி என் முகத்தைப் பார்க்காமல், “போட்டுட்டியா?” என்றார். “போட்டுட்டேன்.” “ம்.” அவர் கேட்டது விதி மீறலைக் கண்காணிக்கவா, நான் மறந்துவிடக்கூடாதென்றா என்று எனக்குப் புரியவில்லை.

மாத்திரைக்கு ஒரு வழி கிடைத்தது. ஊர் எல்லைக்கு அப்படிக் கொட்டகை எதுவும் இல்லை.

அன்று பகல் முழுக்க நான் தைக்கவில்லை. கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். கழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பேன். வேர்க்குரு எல்லாம் கொப்புளமாகத் தெரிந்தது. நெற்றியில் புறங்கையை வைப்பேன், சூடில்லை. சூடில்லை என்பதிலும் நிம்மதி இல்லை. நான் சாப்பிடுகிற மாத்திரை காய்ச்சலைக்கூட முகம் காட்டவிடாமல் அமுக்கிவைக்கும் என்று டாக்டரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். காய்ச்சல் என்பது காவல்காரன் விசில் ஊதுகிற மாதிரி. என் காவல்காரனின் விசிலையும் சேர்த்துத்தான் பிடுங்கி வைத்திருக்கிறோம். திருடன் உள்ளே வந்துவிட்டானா, இன்னும் வேலிக்கு வெளியிலேயே நிற்கிறானா என்று சொல்ல ஆளில்லை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மகள் கூப்பிடுவாள். “அம்மா, மூக்கு மேல ஒன்னு வந்திருக்கு. மூக்குத்தி மாதிரியே இருக்கு. வந்து பாரேன்.”

“வரக்கூடாதுடா.”

“கதவு சந்துல பாரு.”

சந்தில் பார்த்தேன். முகம் முழுக்க முத்து. அவள் சிரித்தாள். அவளைப் பற்றி டாக்டரம்மாவுக்குப் பயமே இல்லை. நல்ல உடம்பு, தானாகவே அடித்து விரட்டிவிடும், சொறிந்து புண்ணாக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், மூச்சு வாங்கினால் மட்டும் உடனே சொல்லுங்கள் என்றிருந்தார். ஒரே வீட்டில் ஒரே கிருமி. கதவுக்கு அந்தப் பக்கம் அது மூக்குத்தி. இந்தப் பக்கம் என்னவாக வரும் என்று தெரியவில்லை. பிள்ளையைத் தொட முடியாத ஏக்கம் ஒரு பக்கம் இருந்தது. ஏற்கெனவே தொட்டாகிவிட்டதே, நேற்று காய்ச்சலில் கட்டிப் பிடித்துத்தானே படுத்திருந்தாள் என்ற நினைப்பு இன்னொரு பக்கம்.

மறுநாள் விடிந்ததும் முடிவு செய்து பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அண்ணி வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார், டாக்டரம்மா வந்து சமாதானம் பண்ணுவாங்களா என்று.

என்னால் அவரைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. மரியாதை ஒரு காரணம்தான். கோபித்துக்கொண்டு அவர் தன் வீட்டுக்குப் போய்விட்டால், என் மகளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அம்மை போட்ட வீட்டுக்குள் வேறு யாரும் வரமாட்டார்கள். வரவேண்டும் என்று கேட்கவும் முடியாது. என்னைக் காப்பாற்றப் போனால் பிள்ளை தனியாகக் கிடக்கும். பிள்ளைக்காக நின்றால், அவள் எழுந்து விளையாடுகிற நாளில் நான் படுத்துக் கிடப்பேன். படுத்து எழுந்திருப்பேனா என்பது அடுத்த கேள்வி.

“அண்ணி,” என்றேன். “பயமா இருக்குது அண்ணி.”

“எனக்கு மட்டும் இல்லையா?” என்றார் சட்டென்று. பிறகு கீழே பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கும் உன் வூட்டுக்காரனுக்கும் நடுவுல ஒருத்தன் இருந்தான், தெரியுமில்ல. அவனுக்கு அம்மா போட்டப்ப, எங்க சித்தப்பா படிச்சவரு, தூக்கிட்டுப் போயி ஊசி போடலாம்னாரு. போட்டாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல என் மடியிலதான் தலை வெச்சிருந்தான். ஊரு வர்றதுக்குள்ள போயிட்டான். நான் தூங்கறான்னு நெனச்சுட்டிருந்தேன். எறங்கற வரைக்கும் தூங்கறான்னே நெனச்சுட்டிருந்தேன்.”

நடுவில் ஒரு பிள்ளை தவறிப்போனது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எப்படி என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஊசி அவனைக் கொன்றிருக்காது, கூட்டிப்போகும்போதே முற்றியிருக்கும் என்று என் வாய் விளக்கம் சொல்லத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு பெண்ணின் மடியில் தலை வைத்துச் செத்துப்போன தம்பியைப் பற்றி, நான் பேப்பரில் படித்ததை வைத்து என்ன பேசுவது? அண்ணியின் உடம்பும் ஒரு முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி, பஸ், அம்மை மூன்றும் சேர்ந்து வந்தால் அது எழுந்து சண்டைக்கு நிற்கிறது. ஆளை அது தப்பாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தப்பாகப் பிடிக்கிறது என்று சொல்ல என்னைவிட யாருக்குத் தெரியும்?

அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். “வா. அவளையே கேட்டுருவோம்.”

எதிர் வீட்டுப் பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மாரியம்மன் கோயில் எங்கள் ஊர் எல்லையில், மொரப்பூர் போகிற தார்ரோட்டு ஓரத்தில் இருக்கிறது. கேட்பது என்றால் பூ போட்டுக் கேட்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் வைத்து, எது எதுவென்று தெரியாமல் நாரால் கட்டி, அம்மன் முன்னால் போடுவார்கள். கேட்கிறவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கூடாது. பெண் கொடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை இப்படிக் கேட்டு நடந்த காரியங்கள் எங்கள் ஊரில் ஏராளம். சிவப்பு வந்த பிறகு அண்ணி எதையும் செய்து நான் பார்த்ததில்லை. தன் மகனுக்கு நல்ல சம்பந்தம் ஒன்றை அப்படித்தான் விட்டார்.

போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. என் உயிர் இப்போது ஒரு இலைப் பொட்டலத்தில். சிவப்பு வந்தால் என்ன செய்வேன்? இவரை மீறி ரோட்டைத் தாண்டுவேனா? தாண்டினால் திரும்பி வரும்போது என் வீட்டில் விளக்கு எரியுமா?

பூசாரி பூக்களைக் கட்டிக்கொண்டே, “ஏனுங்க்கா, புள்ளைக்கு எப்படி இருக்குது?” என்றார்.

“இருக்கா, இருக்கா. மூக்குத்தி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. சீக்கிரம் கட்டு, ஒன்பது மணி பஸ் வந்துரும்.”

பூசாரி பொட்டலங்கள் இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். அண்ணி கையைக் கூப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஞாயம் கேட்கிற மாதிரி ஒரு கையை நீட்டிப் பேசினார். “இந்தா பாரு தாயி. புள்ளை மேல வந்திருக்கே. இரு. மோரு குடி, எளநி குடி, எத்தனை நாளு வேணும்னாலும் இரு, நான் பார்த்துக்கறன். இவ ஒடம்பு உன்னைத் தாங்காது. தன் ஆளையே அடிக்கற ஒடம்பு அது. இவளை வுட்டுரு. சேலம் போயிட்டு வரட்டுமா? நல்ல வாக்கு குடு.”

குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரின் முடிச்சில் நகத்தை வைத்தார்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. எனக்குக் கழுத்துக்குக் கீழே ஏதோ ஊறியது. வேர்வையா, எறும்பா, வேறெதுவுமா என்று தெரியாமலேயே என் கை தானாக அங்கே போனது. அண்ணி நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். நாரின் மேல் இருந்த நகம் அப்படியே நின்றது.

பிரிக்காத பொட்டலத்தை முந்தானை நுனியில் வைத்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அக்கா, என்ன பூவுன்னு பிரிச்சுப் பாக்கலிங்களா?” என்றார் பூசாரி.

“அவ சொன்னது அவளுக்குத் தெரியும். நீ சூடத்தைக் கொளுத்து.”

சொல்லிவிட்டு, கோயில் படியிலிருந்து இறங்கி, எல்லைக் கல்லைத் தாண்டி, நடு ரோட்டில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து பஸ்ஸை மறித்தார்.